வித்தியாசம் யாருக்கு? மின் நிறுவனக் கணக்கில் நியாய மதிப்பு

அமெரிக்காவின் பெரிய மின் நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால், ஒரே ஐந்தொகைக்குள் மூன்று அளவுகோல்கள் புழங்குவதைக் காணலாம். மின் நிலையமும் கம்பித் தடங்களும், என்றோ கட்டிய செலவில் தேய்மானம் போக மீந்த தொகையில் நிற்கும். அடுத்த குளிர்காலத்துக்கு எரிவாயு வாங்கப் போட்ட ஒப்பந்தம் டிசம்பர் 31ஆம் தேதியின் சந்தை விலையில் நிற்கும். முப்பது ஆண்டுக் கடன் பத்திரம், அதன் மூலம் கடன் வாங்கிய தொகையிலேயே இருக்கும்; அதன் இன்றைய விலையோ பின்பக்கத்துக் குறிப்பு ஒன்றில், சின்ன அட்டவணையில் ஒதுங்கியிருக்கும். கணக்கியல் படிக்கும் மாணவருக்கு இது ஒழுங்கீனமாகப் படும். எல்லாவற்றையும் சந்தை விலைக்குக் கொண்டுவந்துவிட்டால்தான் என்ன என்று கேட்பார்.

நூறாண்டுக்கு மேலாக இந்தத் துறையில் நடந்த சண்டைகளைத் தொடர்ந்து பார்த்தால், இந்தக் கலவைக்கு ஒரு காரணம் இருப்பது தெரிகிறது. ஒரு பொருளின் விலை ஏறினாலும் இறங்கினாலும் அந்த வித்தியாசம் யாருக்குப் போகிறது? பங்குதாரருக்கா, மின்கட்டணம் கட்டுபவருக்கா? அதைப் பொறுத்தே அளவுகோல் மாறியிருக்கிறது. எப்படி அளப்பது என்பது அதற்கு அடுத்த கேள்விதான்.

முதல் சண்டை நடந்தது நீதிமன்றத்தில். நெப்ராஸ்கா மாநிலம் 1893இல் ரயில் சரக்குக் கட்டணத்துக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. ரயில் கம்பெனிகளின் பங்குதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 1898இல் ஸ்மைத் எதிர் ஏம்ஸ் வழக்கில் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன், பொதுமக்களுக்காகப் பயன்படும் சொத்தின் நியாய மதிப்பின் மீது கம்பெனிக்கு நியாயமான வருவாய் கிடைக்க வேண்டும் என்றார். அந்த மதிப்பைக் காண எதையெல்லாம் பார்க்கலாம் என்றும் அடுக்கினார்: கட்டிய செலவு, மேம்பாட்டுச் செலவு, பங்குகளும் பத்திரங்களும் சந்தையில் போகும் விலை, இன்று கட்டினால் ஆகும் செலவு, ஈட்டக்கூடிய வருவாய். எதற்கு எவ்வளவு எடை என்று சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. கட்டணத்தை நிர்ணயிக்க மதிப்பு வேண்டும். மதிப்போ வருவாயைப் பொறுத்தது. வருவாய் கட்டணத்தைப் பொறுத்தது. சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்து சேரும் கணக்கு இது.

இந்த வழக்கில் எனக்குப் பிடித்த செய்தி வேறு. நெப்ராஸ்கா தரப்பில் வாதாடியவர்களில் ஒருவர் வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன். 1896 குடியரசுத் தலைவர் தேர்தலில் தோற்ற அதே பிரையன்தான். விலைவாசி விழுந்து கிடந்த காலம் அது. எனவே இன்று கட்டினால் என்ன ஆகுமோ அதுதான் சொத்தின் மதிப்பு என்பது மக்கள் பக்கத்து வாதமாக இருந்தது. முதல் உலகப் போருக்குப் பின் விலைவாசி ஏறியதும் அதே வாதத்தைக் கம்பெனிகள் கையில் எடுத்துக்கொண்டன. மக்கள் தரப்பு கட்டிய செலவுக்கு நகர்ந்தது. இரு தரப்புக்கும் அளவுகோல் ஒரு கொள்கையாக இருந்ததில்லை, எது தனக்கு ஆதாயமோ அதுவே நியாயம் என்றிருந்தது. 1923இல் ஒரு தொலைபேசிக் கம்பெனி வழக்கில் நீதிபதி லூயிஸ் பிராண்டைஸ், விவேகத்தோடு முதலீடு செய்த பணம் எவ்வளவு என்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும் என்று தனிக் கருத்து எழுதினார். அன்று அது சிறுபான்மைக் குரல்.

1944இல் ஹோப் நேச்சுரல் காஸ் வழக்கின் தீர்ப்பு வந்தது. மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்த இந்தக் கம்பெனி ஓஹியோவுக்கு எரிவாயு அனுப்பியது. விலை அதிகம் என்று கிளீவ்லாந்து, ஆக்ரன் நகரங்கள் கூட்டாட்சி மின் ஆணையத்திடம் புகார் செய்தன. மறுபடி கட்டினால் 9.7 கோடி டாலர் ஆகும் என்றது கம்பெனி. விலைவாசிப் போக்கை ஏற்றிப் போட்ட இன்னொரு கணக்கில் அதே சொத்து 10.5 கோடியைத் தாண்டியது. கடைசியில் 6.6 கோடியை நியாய மதிப்பாக ஏற்று, 8 சதவீத வருவாய் தரும்படி கேட்டது. ஆணையமோ அசல் செலவிலிருந்து தேய்மானம் கழித்துச் சுமார் 3.37 கோடியில் நிறுத்தி, 6.5 சதவீதம் போதும் என்றது. ஒரே குழாய்களுக்கும் கிணறுகளுக்கும் இத்தனை விலை! கிணறு தோண்டிய செலவில் சுமார் 1.7 கோடியை முன்பே நடப்புச் செலவாக எழுதிவிட்டிருந்தது கம்பெனி. அதையும் சொத்தில் சேர்க்கக் கேட்டது. ஆணையம் மறுத்தது. ஏற்கெனவே செலவாகக் கழிந்த பணத்தைச் சொத்தாக்கி, அதன் மீது வருவாயும் வாங்குவது சரியாகப் படவில்லை அதற்கு. நீதிபதி வில்லியம் டக்ளஸ் எழுதிய தீர்ப்பு ஆணையத்தின் பக்கம் நின்றது. எந்த முறையில் கணக்கிட்டீர்கள் என்பது முக்கியமல்ல, முடிவான கட்டணம் நியாயமாக இருக்கிறதா என்று மட்டும் பார்ப்போம் என்றது. பெரும்பாலான மாநிலங்களில் மின் நிலையத்தின் மதிப்பு என்றால் அசல் செலவு கழித்தல் தேய்மானம் என்று நிலைபெற்றது அதன் பிறகுதான்.

கணக்கியல் இதைத் தாமதமாகத்தான் தன் விதிக்குள் கொண்டுவந்தது. 1982இல் அமெரிக்க நிதிக் கணக்கியல் தர வாரியம் 71ஆம் எண் தரத்தை வெளியிட்டது. செய்த செலவைப் பின்னால் கட்டணத்தில் வசூலித்துக்கொள்ள ஆணையம் அனுமதிக்கும் வாய்ப்பு அதிகம் என்றால், அந்தச் செலவை நட்டமாக எழுத வேண்டாம், ஒழுங்குமுறைச் சொத்து என்று ஐந்தொகையில் வைக்கலாம் என்றது. இந்தச் சொத்தைத் தொட்டுப் பார்க்க முடியாது. வருங்கால நுகர்வோரின் பையில் இருக்கும் பணம் அது.

அசல் செலவு என்பது அசையாத எண் என்று நினைத்துவிட வேண்டாம். தெற்குக் கரோலினாவின் வி.சி. சம்மர் வளாகத்தில் இரண்டு அணு உலைகளைக் கட்டத் தொடங்கி, சுமார் 900 கோடி டாலர் செலவழித்த பிறகு 2017 ஜூலையில் கைவிட்டார்கள். அதுவரை கட்டுமானத்தில் உள்ள சொத்தாக நின்ற தொகையில் எவ்வளவு மிஞ்சும் என்பதைச் சந்தை சொல்லவில்லை. சட்டமன்றமும் ஆணையமும் நீதிமன்றமும் சொல்ல வேண்டியிருந்தது. ஜார்ஜியாவின் வோக்டில் 3, 4 உலைகள் ஓடத் தொடங்கின, மூன்றாவது 2023 ஜூலையிலும் நான்காவது 2024 ஏப்ரலிலும். மொத்தச் செலவு 3,000 கோடி டாலரைத் தாண்டியது. அதில் ஜார்ஜியா பவர் தன் பங்குக்குக் கேட்ட மீதிச் செலவில் சுமார் 756 கோடி டாலரைக் கட்டணத்தில் ஏற்ற 2023 டிசம்பரில் மாநில ஆணையம் சம்மதித்தது. சம்மதம் கிடைக்காத செலவைப் பங்குதாரர்தான் சுமக்க வேண்டும். ஆக, மின் நிலையத்தின் புத்தக மதிப்பு சிமெண்டிலும் இரும்பிலும் இல்லை, ஓர் உத்தரவில் இருக்கிறது.

ஒழுங்குமுறையை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 1990களில் பார்த்தார்கள். கலிஃபோர்னியா 1996இல் மின் உற்பத்தியைப் போட்டிச் சந்தைக்குத் திறக்கச் சட்டம் போட்டது. வேறு பல மாநிலங்களும் அதே வழியில் போயின. அன்றுவரை புத்தக மதிப்பில் அமைதியாக இருந்த நிலையங்கள் திடீரென்று சந்தை விலையைச் சந்திக்க வேண்டி வந்தது. புத்தக மதிப்புக்கும் சந்தை மதிப்புக்கும் இடையே அகப்பட்டுக்கொண்ட தொகையைத் தனிக் கட்டணமாக நுகர்வோரிடமே வசூலிக்க வழிசெய்தார்கள். அளவுகோல் ஒரே நாளில் மாறியது, பில் போன முகவரி மாறவில்லை.

எரிபொருள், மின் ஒப்பந்தங்களின் கதை நேர் எதிர்த்திசையில் போனது. 1992 தொடக்கத்தில், எரிசக்தி நிறுவனமான என்ரானின் எரிவாயு ஒப்பந்த வணிகத்துக்குச் சந்தை விலைக் கணக்கு முறையை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் ஏற்றது. பத்து, இருபது ஆண்டு நீளும் ஒப்பந்தத்தின் மொத்த எதிர்கால லாபத்தையும் கையெழுத்திட்ட நாளிலேயே வருமானமாக எழுதலாம் என்று ஆனது. அத்தனை ஆண்டுக்கு எரிவாயு விலையைச் சொல்லும் சந்தை எதுவும் இல்லாததால், விலையை என்ரானே வரைந்துகொண்டது. 1998இல் வந்த ஒரு விதி எரிசக்தி வணிக ஒப்பந்தங்கள் எல்லாவற்றுக்கும் இதே முறையைப் பொதுவாக்கியது. 2001 டிசம்பர் 2ஆம் தேதி என்ரான் திவால் மனு போட்டது. 2002இல் அந்த விதியைத் திரும்பப் பெற்றார்கள். டெரிவேட்டிவ் என்ற வரையறைக்குள் வரும் ஒப்பந்தம் மட்டும் சந்தை விலைக்கு வந்தால் போதும் என்று 133ஆம் எண் தரத்தோடு நிறுத்திக்கொண்டார்கள்.

2006 செப்டம்பரில் வந்த 157ஆம் எண் தரம்தான் இன்றைய முறையின் அடித்தளம். இப்போது அது தலைப்பு 820 என்று வழங்குகிறது. அளக்கும் நாளில், நெருக்கடி இல்லாத சாதாரண வியாபாரத்தில், சந்தையில் உள்ளவர்களுக்கு விற்றால் சொத்துக்கு என்ன கிடைக்கும், கடப்பாட்டை வேறொருவர் தலையில் மாற்றினால் என்ன கொடுக்க வேண்டியிருக்கும் என்பதே நியாய மதிப்பு. வாங்கிய விலைக்கு இங்கே இடமில்லை, வெளியேறும் விலை மட்டும்தான். சர்வதேசத் தரத்தில் ஐஎஃப்ஆர்எஸ் 13ஆக 2013 முதலும், இந்தியாவில் இண்ட் ஏஎஸ் 113ஆகவும் ஏறக்குறைய இதே வரையறை நடைமுறைக்கு வந்தது.

அந்தத் தரம் விலையின் ஆதாரத்தை மூன்று படிகளாகப் பிரித்தது. லூசியானாவின் ஹென்றி ஹப்பில் ஒப்படைக்கும் எரிவாயு ஃப்யூச்சர்ஸ் 1990 முதல் நியூயார்க் சந்தையில் வியாபாரமாகிறது. அதன் விலை யார் கண்ணுக்கும் தெரியும். அது முதல் படி. அதே எரிவாயுவை பாஸ்டன் குழாய் முனையில் வாங்கும் ஒப்பந்தத்துக்கு ஹென்றி ஹப் விலையோடு இடத்துக்கான வித்தியாசத்தைச் சேர்க்க வேண்டும். தரகர்கள் சொல்லும் விலையை வைத்துச் சரிபார்க்கலாம். அது இரண்டாம் படி. பத்து ஆண்டுகள் கழித்து ஒரு காற்றாலைப் பண்ணை தரப்போகும் மின்சாரத்துக்கு விலை சொல்ல ஆளில்லை. சந்தை விலை தெரியும் சில ஆண்டுகளுக்குப் பிறகு, கோட்டை நிறுவனமே நீட்டிக்கொள்கிறது. தட்டுப்பாடு, எரிபொருள், வட்டி பற்றித் தன் ஊகங்களைப் போடுகிறது. அதுதான் மூன்றாம் படி. என்ரான் செய்ததும் இந்த நீட்டலைத்தான். இப்போதைய வேறுபாடு என்னவென்றால், மூன்றாம் படியில் ஆண்டு தொடக்கத்தில் எவ்வளவு இருந்தது, எவ்வளவு லாபமாகப் போனது, எந்த ஊகத்தை எந்த எல்லைக்குள் வைத்தார்கள் என்று அட்டவணை போட்டுக் காட்ட வேண்டும். ஆண்டறிக்கையில் நான் முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.

விலை எளிதில் தெரியாத பண்டத்துக்கு இன்னொரு உதாரணம் மின் கடத்தல் நெரிசல் உரிமை. ஒரு முனையில் மின்விலை குறைவாகவும் இன்னொரு முனையில் அதிகமாகவும் இருந்தால், அந்த வித்தியாசத்தை வாங்கும் உரிமை அது. அதற்கு அன்றாடச் சந்தை கிடையாது. எப்போதாவது நடக்கும் ஏலம்தான். கிழக்கு மாநிலங்களின் மின் கட்டமைப்பை நடத்தும் பிஜேஎம் அமைப்பில் கிரீன்ஹாட் எனர்ஜி என்ற சின்னக் கம்பெனி 6 லட்சம் டாலருக்கும் குறைவான பிணையை வைத்து, சுமார் 89 கோடி மெகாவாட் மணிக்கான உரிமைகளைக் குவித்தது. 2018 ஜூனில் கைவிரித்தது. நட்டம் சுமார் 17.9 கோடி டாலர். அதை ஏற்றது சந்தையின் மற்ற உறுப்பினர்கள். பழைய ஏல விலையை வைத்துப் பிணை கணக்கிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

இத்தனை விதியும் எல்லா ஒப்பந்தத்துக்கும் பொருந்தாது. தன் வாடிக்கையாளருக்கு வழங்கவே வாங்கும் மின்சாரத்துக்கும் எரிவாயுவுக்கும் வழக்கமான கொள்முதல் என்று விலக்கு உண்டு; அறிவித்துவிட்டால் ஒப்பந்தம் ஐந்தொகைக்கே வராது. ஒரே வரிகளில் எழுதிய இரண்டு ஒப்பந்தங்களில் ஒன்று சந்தை விலையில் ஏறி இறங்க, மற்றது கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட நிறுவனமானால், சந்தை விலையில் காட்டிய லாப நட்டமும் எரிபொருள் செலவுக் கணக்கு வழியாக நுகர்வோருக்குப் போய்ச் சேரும் என்பதால், லாபக் கணக்கைத் தொடாமல் ஒழுங்குமுறைச் சொத்திலோ கடப்பாட்டிலோ போய் உட்காரும்.

செலவு அப்படி நுகர்வோரிடம் போய்ச் சேர்வது 2021 பிப்ரவரிக்குப் பின் பெரிய அளவில் நடந்தது. அந்த மாதம் டெக்சாஸ் பனிப்புயலின்போது மின்விலை உச்சவரம்பான மெகாவாட் மணிக்கு 9,000 டாலரில் நாள்கணக்கில் நின்றது. ஒரு வாரக் கொள்முதலுக்கு 200 கோடி டாலருக்கு மேல் பில் வந்த பிராசோஸ் மின் கூட்டுறவு மார்ச் 1ஆம் தேதி திவால் மனு கொடுத்தது. டெக்சாஸிலும் ஓக்லஹோமாவிலும் வேறு பல நிறுவனங்களின் செலவைப் பத்திரங்களாக மாற்றி, நுகர்வோர் ஆண்டுக்கணக்கில் கட்டும்படி ஏற்பாடானது.

அணு மின் நிலையம் வைத்திருப்போர் உலையை மூடிப் பிரித்தெடுக்கும் நாளுக்காகத் தனி அறக்கட்டளை நிதி சேர்க்க வேண்டும் என்பது அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதி. அந்தப் பணம் பங்குகளிலும் பத்திரங்களிலும் இருப்பதால் பெரும்பகுதி முதல் இரண்டு படிகளிலேயே அடங்கிவிடும். அளப்பதில் சிரமம் இல்லை. சுவாரசியம் மறுபக்கத்தில். உலையைப் பிரிக்கும் கடப்பாட்டை முதலில் பதியும்போது நியாய மதிப்பில் பதிகிறார்கள். அதன் பிறகு அன்றைய வட்டி விகிதத்திலேயே அது வளர்ந்துகொண்டு போகும், ஆண்டுதோறும் சந்தை வட்டிக்கு மாற்றுவதில்லை. நிதியோ பங்குச் சந்தையோடு துள்ளுகிறது. 2008 போன்ற ஆண்டில் ஒரு பக்கம் சரிய, மறுபக்கம் அசையாமல் நின்றது. இந்தப் பொருத்தமின்மையை நான் குறையாகவே பார்க்கிறேன். மாநிலக் கட்டணத்துக்கு உட்பட்ட உலையானால் சரிவு நுகர்வோர் கணக்குக்குப் போகும். சந்தையில் மின்சாரம் விற்கும் உலையானால் பங்குதாரர் லாபத்தில் நேராக அடிக்கும். ஒரே பங்கு, ஒரே சரிவு, சேருமிடம் மட்டும் வேறு.

கடனுக்கு வருவோம். 1991இல் வந்த 107ஆம் எண் தரம், ஐந்தொகையில் கடன் அசல் தொகையில் இருந்தாலும் அதன் நியாய மதிப்பைக் குறிப்பில் காட்டச் சொன்னது. அளக்கும் வழி எளிது. பத்திரம் சந்தையில் கைமாறினால் அந்த விலை. இல்லையென்றால், இதே தரமும் தவணையும் உள்ள நிறுவனம் இன்று என்ன வட்டிக்குக் கடன் வாங்குமோ, அந்த விகிதத்தில் மீதி வட்டியையும் அசலையும் இன்றைய மதிப்புக்குக் குறைப்பது. 3 சதவீத வட்டியில் 100 டாலருக்கு முப்பது ஆண்டுப் பத்திரம் விற்றதாக வைத்துக்கொள்வோம். சந்தை வட்டி 5.5 ஆனால் அந்தப் பத்திரத்தின் மதிப்பு சுமார் 64 டாலர். 2022 தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 2023 நடுவில் 5.25–5.50 சதவீதத்துக்கு ஏறியபோது, மலிவு வட்டியில் நீண்டகாலக் கடன் வாங்கியிருந்த மின் நிறுவனங்களின் குறிப்புகளில் நியாய மதிப்பு அசலுக்குக் கீழே இறங்கியது.

நிறுவனம் 36 டாலர் பணக்காரனாகிவிட்டதா? 64 டாலருக்குப் பத்திரத்தைத் திரும்ப வாங்கலாம்தான். ஆனால் அந்த 64ஐப் புதிதாகக் கடன் வாங்கினால் ஆண்டு வட்டி 3.52 டாலர், பழையதைவிட அதிகம். அதைவிட முக்கியம், கட்டணம் நிர்ணயிக்கும் ஆணையம் பழைய கடனின் உண்மையான வட்டியையே செலவாக ஏற்கிறது. மலிவுக் கடனின் ஆதாயம் மின் பில்லில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. பங்குதாரருக்கு அதில் பங்கில்லை. எனவே அந்தத் தொகை குறிப்பிலேயே இருப்பதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

கடனின் விலை வட்டியால் மட்டும் விழுவதில்லை. டெக்சாஸின் டிஎக்ஸ்யு நிறுவனத்தை கேகேஆர், டிபிஜி, கோல்ட்மன் சாக்ஸ் மூவரும் சேர்ந்து 2007இல் சுமார் 4,500 கோடி டாலருக்கு வாங்கி எனர்ஜி ஃப்யூச்சர் ஹோல்டிங்ஸ் என்று பெயர் வைத்தார்கள். எரிவாயு விலை உயர்ந்தே இருக்கும், மின்விலை அதைத் தொடரும் என்பது அவர்கள் கணக்கு. எரிவாயு விலையோ 2008 நடுவில் 13 டாலரைத் தொட்டுவிட்டு 2012 ஏப்ரலில் 2 டாலருக்குக் கீழே போனது. பத்திரங்கள் விழுந்தன. விழுந்த பத்திரங்களைத் தள்ளுபடி விலையில் மாற்றி, வித்தியாசத்தை லாபமாக எழுதியது நிறுவனம். தன் நாணயம் கெடக் கெடக் கடன் சுருங்கி லாபம் பிறக்கும் இந்த விசித்திரத்தை, சொந்தக் கடன் தரத்தையும் மதிப்பில் சேர்க்கச் சொல்லும் 157ஆம் எண் தரத்திலும் காணலாம். 2014 ஏப்ரலில் நிறுவனம் திவாலானது. சுமார் 200 கோடி டாலருக்கு அதன் பத்திரங்களை வாங்கிய வாரன் பஃபெட், முந்தைய ஆண்டே விற்று வெளியேறியதில் வரிக்கு முன் 87.3 கோடி டாலர் இழந்தார். அதே குழுமத்தில் கம்பித் தடங்களை வைத்திருந்த ஆன்கார் மட்டும் தனி வேலிக்குள், மாநிலக் கட்டணத்துக்குள் இருந்தது. அதன் கடனுக்கு ஒன்றும் ஆகவில்லை. 2018இல் செம்ப்ரா நிறுவனம் அதன் பெரும்பான்மைப் பங்கைக் கையகப்படுத்தியது.

கையகப்படுத்தலில்தான் இந்தத் துறையின் தர்க்கம் முழுதாக வெளிப்படுகிறது. பொதுவாக ஒரு கம்பெனியை வாங்கினால் அதன் சொத்துகளை எல்லாம் அன்றைய நியாய மதிப்புக்கு உயர்த்தி எழுதுவார்கள். ஒழுங்குமுறைக்கு உட்பட்ட மின் நிறுவனத்தில் ஆலையும் தடமும் பழைய புத்தக மதிப்பிலேயே பெரும்பாலும் நிற்கின்றன. வாங்குபவருக்கும் அந்தத் தொகையின் மீது மட்டுமே வருவாய் கிடைக்கும் என்பதால், சந்தையில் உள்ள எவரும் அதற்கு மேல் தரமாட்டார் என்பது வாதம். கூடுதலாகக் கொடுத்த பணம் நற்பெயர் மதிப்பாகப் போய்விடுகிறது. அதை நுகர்வோரிடம் வசூலிக்கப் பொதுவாக ஆணையங்கள் விடுவதில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி வேறு உருவில் வருகிறது. தமிழ்நாடு மின்சார வாரியம் 2010 நவம்பர் 1ஆம் தேதி பிரிக்கப்பட்டு, உற்பத்தியும் பகிர்மானமும் டான்ஜெட்கோ என்ற நிறுவனத்திடம் போயின. பகிர்மான நிறுவனங்களை மீட்க மத்திய அரசு கொண்டுவந்த உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் சேர்ந்த தமிழக அரசு அதன் கடனில் 22,815 கோடி ரூபாயை ஏற்றுக்கொண்டது. அரசு பின்னால் நிற்கும் கடனுக்கு எந்தத் தரத்தில் வட்டி போட்டு மதிப்புக் காண்பது? பிரிக்க முடியாத மூன்றாம் ஆள் உத்தரவாதத்தை ஒதுக்கிவிட்டு, கடன் வாங்கியவரின் சொந்தத் தரத்தில்தான் கடப்பாட்டை அளக்க வேண்டும் என்கிறது அமெரிக்க விதி. அப்படி அளந்தால் நம் பகிர்மான நிறுவனங்கள் பலவற்றின் கடன் முகமதிப்புக்கு வெகு கீழே நிற்கும். கடன் கொடுத்தவரோ அரசைப் பார்த்து முழுத் தொகையையும் எதிர்பார்ப்பார்.

இதற்கு மேல் ஒழுங்குமுறைச் சொத்து. அமெரிக்காவிலும் சரி, இந்தியாவிலும் சரி, அது மூன்று படிகளில் எதிலும் வராது. நியாய மதிப்பில் அளக்கவே வேண்டாம். பத்து ஆண்டு கழித்து, வட்டியில்லாமல், வசூலாகப்போகும் ஒரு ரூபாயும் இன்று முழு ரூபாயாகவே நிற்கலாம். கட்டணத்தை உயர்த்த அரசியல் துணிவு இல்லாத ஆண்டுகளில் நம் மாநிலங்களில் இந்தத் தொகை குவிந்துகொண்டே போனது. 2025 ஆகஸ்டில் இந்திய உச்ச நீதிமன்றம் இதை முடிவில்லாமல் வளரவிடக் கூடாது, காலவரையறை வைத்துத் தீர்க்க வேண்டும் என்று மாநில ஆணையங்களுக்கு உத்தரவிட்டது. வசூலிக்க வேண்டியது யார், எந்த ஆண்டு பில்லில், எத்தனை பைசா என்பதை ஒவ்வோர் ஆணையமும் இனி எழுதிக் காட்ட வேண்டும்.